நிரலாளர்களின் உற்பத்தித்திறன்: எதைக் கொண்டு அளப்பது, யாருக்காக அளப்பது

மென்பொருள் குழு ஐந்து பேராக இருக்கும்வரை, யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று அளந்து பார்க்கும் எண்ணம் யாருக்கும் வருவதில்லை. அடுத்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்துகொண்டிருக்கிறார், எதில் சிக்கிக்கொண்டு திணறுகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். குழு ஐம்பது பேராகப் பெருகும்போதுதான், இத்தனை செலவுக்கும் நமக்கு என்ன கிடைக்கிறது என்று சம்பளப் பட்டியலைப் பார்க்கும் ஒருவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. விற்பனைப் பிரிவுக்கு மாதந்தோறும் ஓர் எண் இருக்கிறது, வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்குத் தீர்த்துவைத்த புகார்களின் கணக்கு இருக்கிறது, நிரலாளர்களுக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை என்பதே அதன் உட்பொருள். இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு குழுத் தலைவரின் தலையிலோ மேலாளரின் தலையிலோ வந்து விழுகிறது. அவர் முன்னால் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

வழிகளுக்குள் போவதற்கு முன், கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உற்பத்தித்திறனை அளக்க வேண்டும் என்று சொல்பவரின் மனதில் மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்று இருக்கும். வேலை தடையின்றி நகர்கிறதா, எங்கே தேங்குகிறது என்பது முதல் கேள்வி. செலவழித்த பணத்துக்கு ஈடான பயன் கிடைத்ததா என்பது இரண்டாவது. யாருக்கு ஊதிய உயர்வு தருவது, யாரை வெளியே அனுப்புவது என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல அளவுகள் இப்போது இருக்கின்றன. இரண்டாவதற்கு நிரலாளர்களை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. மூன்றாவதற்கு எண்ணால் விடை சொல்ல முடியாது என்பது என் முடிவு. முதல் கேள்விக்காகச் சேகரித்த எண்ணை எடுத்து மூன்றாவது கேள்விக்குப் பயன்படுத்துவதில்தான் பெரும்பாலான குளறுபடிகள் தொடங்குகின்றன.

எண்ணிப் பார்க்கும் வழிகள்

மிகப் பழையதும் மிக மலிவானதும் நிரல் வரிகளை எண்ணுவது. இதன் குறையும் அதே அளவு பழையது. 1982இல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கணினிக்கான மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த குழுவில், ஒவ்வொருவரும் அந்த வாரம் எத்தனை வரி எழுதினார் என்று படிவத்தில் நிரப்ப வேண்டும் என மேலாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்த வாரம் பில் அட்கின்சன், திரையில் வரைபடங்களைக் கையாளும் குவிக்டிரா நிரலின் ஒரு பகுதியைத் திரும்ப எழுதி, அதை ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாக்கியிருந்தார். அந்த முயற்சியில் நிரல் சுமார் 2000 வரிகள் குறைந்துபோயிருந்தது. படிவத்தில் அவர் -2000 என்று எழுதிக் கொடுத்தார் என்றும், சில வாரங்களுக்குப் பிறகு அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றும் உடன் பணியாற்றிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பதிவு செய்திருக்கிறார். 1988இல் கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதையே கணக்கேட்டின் மொழியில் சொன்னார்: வரிகளை எண்ணத்தான் வேண்டுமென்றால், அவற்றை விளைந்தவையாகக் கொள்ளாமல் செலவானவையாகக் கொள்ள வேண்டும், நாம் அவற்றைப் பேரேட்டின் தவறான பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது அவர் வாதம். எழுதிய ஒவ்வொரு வரியையும் பிற்பாடு யாரோ படிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்பதால், இது வெறும் சொல் விளையாட்டு அன்று.

வரிகளை எண்ணுவது வெட்கக்கேடு என்றான பிறகு, அந்த இடத்துக்கு கமிட் (நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்வது) எண்ணிக்கையும், புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும்படி மற்றவர்களுக்கு அனுப்பும் கோரிக்கை) எண்ணிக்கையும், மூடிய டிக்கெட் (செய்ய வேண்டிய வேலையின் பதிவு) எண்ணிக்கையும் வந்து சேர்ந்தன. பெயர் மாறியதே தவிர, நோய் அதேதான். ஒரே மாற்றத்தை நான்காக உடைத்தால் நான்கு கமிட்; எளிய டிக்கெட்டுகளைப் பொறுக்கி எடுத்து, மூன்று வாரம் இழுக்கும் சிக்கலான பிழையை இன்னொருவர் தலையில் விட்டுவிட்டால் மாதக் கடைசியில் நல்ல பெயர். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிகளில் பக்கம் பக்கமாக நிரலைக் கொட்டும் காலத்தில், அளவு சார்ந்த எந்த எண்ணும் முன்னைவிட மலிவாகிவிட்டது. இந்த எண்களுக்கு ஒரே ஒரு நல்ல பயன் உண்டு. மனிதரை விட்டுவிட்டு மாற்றத்தை அளந்தால், அதாவது ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டும் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எத்தனை நாள் திறந்தே கிடக்கிறது என்று பார்த்தால், குழு அதிலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள முடியும்.

ஃபங்ஷன் பாயிண்ட் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஐபிஎம் நிறுவனத்தின் ஆலன் ஆல்பிரெக்ட் 1979இல் முன்வைத்த இம்முறை, நிரலின் நீளத்தை விட்டுவிட்டு, பயனருக்குக் கிடைக்கும் வசதிகளை எண்ணுகிறது: உள்ளீடுகள், வெளியீடுகள், வினவல்கள், உள்ளே வைத்திருக்கும் தரவுத் தொகுதிகள், பிற மென்பொருள்களுடனான இணைப்புகள் ஆகியவற்றை எண்ணி, சிக்கலுக்கேற்ப எடை கொடுத்துக் கூட்டுவது. எந்த மொழியில் எழுதினாலும் எண் மாறாது என்பது இதன் பலம். பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து எண்ண வேண்டும் என்பதும், மெதுவாக ஓடிய ஒன்றை வேகமாக்கியதோ குழம்பிக் கிடந்த நிரலைச் சீர்படுத்தியதோ கணக்கில் வராது என்பதும் பலவீனம். வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் கொடுக்கும்போது விலையையும் பரப்பையும் பேசித் தீர்மானிக்க இது இன்றும் பயன்படும். சொந்தக் குழுவின் அன்றாட வேலைக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்டோரி பாயிண்ட்

ஒவ்வொரு வேலையின் பருமனுக்கும் குழு தானே மதிப்பிட்டுக் கொடுக்கும் புள்ளிதான் ஸ்டோரி பாயிண்ட். இன்று அதிகம் புழங்குவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் உருவாக்க முறையைத் தொடங்கியவர்கள் முதலில் வேலையை நாட்களில்தான் மதிப்பிட்டார்கள். யாரும் குறுக்கிடாமல் உட்கார்ந்தால் எத்தனை நாள் ஆகும் என்பதே அந்தக் கணக்கு. ஒரு நாள் வேலைக்கு ஏன் மூன்று நாள் ஆகிறது என்று கேள்வி எழுந்துகொண்டே இருந்ததால், நாள் என்ற சொல்லைக் கைவிட்டுப் புள்ளி என்று வைத்துக்கொண்டார்கள். அந்த முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ், ஸ்டோரி பாயிண்டைத் தான்தான் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துவதாகவும் பின்னாளில் எழுதினார்.

அவர் வருத்தத்தின் காரணம் எளிது. ஒரு குழுவுக்குள், இந்த வேலை அந்த வேலையைவிடப் பெரியதா சிறியதா என்று ஒப்பிட்டுப் பேசுவதற்கு உண்டான எண் அது. ஒரு குழுவின் ஐந்தும் இன்னொரு குழுவின் ஐந்தும் ஒன்றல்ல. இரண்டுக்கும் பொதுவான அலகு எதுவும் கிடையாது. ஆனாலும் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் கூட்டாமல், வரைபடமாகப் போடாமல், அடுத்த குழுவோடு ஒப்பிடாமல் இருக்க மேலாண்மைக்கு மனம் வருவதில்லை. நான் இருந்த ஒரு குழுவில், ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் (ஓரிரு வாரம் நீளும் வேலைச் சுற்று) புள்ளிகள் கூட வேண்டும் என்று மேலிருந்து சொல்லப்பட்ட சில மாதங்களில், முன்பு மூன்று என்று மதிப்பிட்ட அதே வகை வேலை ஐந்தாகவும் எட்டாகவும் வளர்ந்தது. யாரும் ஏமாற்ற வேண்டும் என்று திட்டமிடவில்லை. மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஐயம் எழும்போதெல்லாம் பெரிய எண்ணின் பக்கம் சாய்ந்தோம், அவ்வளவுதான். வரைபடம் அழகாக ஏறியது, வெளியீடுகள் பழைய வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தன.

ஆகவே, அடுத்த இரண்டு வாரத்துக்கு எவ்வளவு வேலையை ஏற்றுக்கொள்ளலாம் என்று குழு தனக்குள் முடிவு செய்ய ஸ்டோரி பாயிண்டை வைத்துக்கொள்ளலாம். குழுவுக்கு வெளியே போகும் எந்த அறிக்கையிலும் அது இடம்பெறக் கூடாது.

வேலை நகரும் வேகம்

நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோரின் ஆய்வுகளால் பரவி, டோரா என்ற பெயரில் அறியப்படும் நான்கு அளவுகள் மேற்சொன்னவற்றிலிருந்து ஒரு முக்கியமான வகையில் மாறுபடுகின்றன. அவை மனிதரைப் பார்ப்பதில்லை, குழுவிலிருந்து பயனருக்குப் போகும் பாதையைப் பார்க்கின்றன. எத்தனை நாளுக்கு ஒருமுறை, பயனர்கள் பயன்படுத்தும் சூழலான புரொடக்‌ஷனுக்கு வெளியிடுகிறோம். கமிட் செய்த ஒரு மாற்றம் பயனரைச் சென்றடைய எவ்வளவு நேரம் ஆகிறது. வெளியிட்டவற்றில் எத்தனை விழுக்காடு கோளாறை உண்டாக்கின. கோளாறு வந்தால் சேவையை மீட்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பவையே அந்த நான்கு. முதல் இரண்டும் வேகத்தைச் சொல்கின்றன, அடுத்த இரண்டும் உறுதியைச் சொல்கின்றன. ஒன்றை உயர்த்த இன்னொன்றைப் பலி கொடுத்தால் உடனே தெரிந்துவிடும்படி இரண்டையும் சேர்த்துக் கட்டியதுதான் இதன் சாமர்த்தியம். வேகமாக வெளியிடும் குழுக்கள் உறுதியிலும் பின்தங்கவில்லை, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே மேம்படுகின்றன என்பது அவர்களுடைய ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

இதன் பயனை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மாற்றத்தை எழுத ஆறு மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிட் செய்த பிறகு, இன்னொருவர் நிரலைப் படித்துச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவுக்காக இரண்டு நாள் காத்திருக்கிறது, சோதனைச் சூழல் காலியாக இன்னொரு நாள் ஆகிறது, வாரம் ஒருமுறை மட்டுமே வெளியீடு என்பதால் மேலும் மூன்று நாள் கிடக்கிறது. எழுதியவர் இரண்டு மடங்கு வேகமாக எழுதியிருந்தாலும் பயனருக்கு மூன்று மணி நேரம்தான் முன்னதாகக் கிடைத்திருக்கும், வெளியீட்டு நாள் நிலையாக இருப்பதால் அதுகூடக் கிடைத்திருக்காது. இப்படிப்பட்ட குழுவில் தனி மனிதரின் வேகத்தை அளந்து அதைக் கூட்டப் பார்ப்பது, அடைபட்ட வாய்க்காலின் தலைமாட்டில் நின்று இன்னும் அதிகத் தண்ணீர் இறைப்பது போன்றது. நிரல் எழுதும் கருவிகள் எழுதும் நேரத்தை மட்டுமே குறைப்பதால், ரிவ்யூ வரிசை முன்பைவிட நீள்வதற்கும் இன்று வாய்ப்பு அதிகம்; அதையும் இந்த அளவுதான் காட்டிக்கொடுக்கும்.

குறைகளும் உண்டு. தேவையே இல்லாத ஒரு வசதியை மிக வேகமாக, ஒரு கோளாறும் இன்றி வெளியிட்டாலும் நான்கு எண்களும் பளிச்சென்று இருக்கும். சாதனங்களுக்குள் பதிந்து வரும் மென்பொருளையோ, ஆப் ஸ்டோரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டிய செயலியையோ எழுதும் குழுவை, ஒரு நாளில் பலமுறை வெளியிடக்கூடிய இணையச் சேவைக் குழுவோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. சிறு குழுக்களில் எண்கள் காற்றில் ஆடும் கொடிபோல ஆடும்: மாதம் பத்து வெளியீடு செய்யும் குழுவில் ஒரே ஒரு கோளாறு கூடினால் விழுக்காடு 10இலிருந்து 20ஆகத் தாவிவிடும். அதைப் பார்த்து, தரம் பாதியாகிவிட்டது என்று கூட்டம் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஒரு காலாண்டின் போக்கைப் பார்க்காமல் ஒரு மாதத்து எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

ஆட்களையே கேட்பது

எங்கே தேங்குகிறது என்று எண்கள் காட்டும், ஏன் தேங்குகிறது என்பதை வேலை செய்பவர்களைக் கேட்டால்தான் தெரியும். 2021இல் ஃபோர்ஸ்கிரன், மார்கரெட்-ஆன் ஸ்டோரி முதலியோர் வெளியிட்ட ஸ்பேஸ் என்ற சட்டகம், மனநிறைவும் நலமும், விளைவு, செயல்பாடு, தொடர்பும் கூட்டுழைப்பும், தடையற்ற வேலை ஓட்டம் என்று ஐந்து பக்கங்களைக் காட்டி, இவற்றில் குறைந்தது மூன்றையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும், அவற்றில் ஒன்றாவது ஆட்களைக் கேட்டுப் பெற்றதாக இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. மாற்றம் சரியா என்று தெரிய எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, தலைக்குள் எவ்வளவு சுமையைத் தூக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது, இடையூறின்றி ஆழ்ந்து வேலை செய்ய நேரம் கிடைக்கிறதா என்ற மூன்றையும் மையமாக வைத்து 2023இல் இன்னொரு கட்டுரையும் வந்தது. இந்த வகைக் கருத்துக்கணிப்பை நான் மதிக்கிறேன். ஏனெனில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத செய்திகள் இதில்தான் வருகின்றன. சோதனைகள் ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகிறது என்று கருவி சொல்லும். அந்த நாற்பது நிமிடத்தில் வேறு வேலையைத் தொட்டு, திரும்பி வரும்போது விட்ட இடம் மறந்துபோகிறது என்று மனிதர் மட்டுமே சொல்வார்.

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 2025இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல எச்சரிக்கை. தாங்கள் நெடுங்காலம் பங்களித்துவரும் திறந்த மூல மென்பொருள்களில் அனுபவம் மிக்க 16 நிரலாளர்கள் 246 பணிகளைச் செய்தார்கள். எந்தப் பணிக்குச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்யப்பட்டது. கருவியால் நேரம் 24 விழுக்காடு குறையும் என்று அவர்கள் முன்கூட்டிக் கணித்தார்கள். வேலை முடிந்த பிறகு, 20 விழுக்காடு குறைந்தது என்று நம்பினார்கள். கடிகாரமோ, கருவியைப் பயன்படுத்திய பணிகளுக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் ஆனதாகக் காட்டியது. இதற்கு இரண்டாண்டு முன் வெளியான இன்னோர் ஆய்வில், ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஓர் எச்டிடிபி சர்வரைப் புதிதாக எழுதச் சொன்னபோது, செயற்கை நுண்ணறிவுக் கருவியான கிட்ஹப் கோபைலட்டைப் பயன்படுத்தியவர்கள் 55.8 விழுக்காடு விரைவாக முடித்திருந்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நான் நினைக்கவில்லை. வெறும் மனையில் சுவர் எழுப்புவதும், குடியிருக்கும் வீட்டில் சுவரை இடித்துக் கட்டுவதும் வேறு வேறு வேலைகள். நம் விஷயத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வேகம் கூடியதா என்று ஆட்களைக் கேட்டால் கிடைக்கும் விடையை நம்ப முடியாது என்பதுதான். எது உங்களைத் தடுக்கிறது என்று கேளுங்கள். வேகத்தைக் கடிகாரத்திடம் கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் குறிப்பிடாத கருத்துக்கணிப்பு என்று அறிவித்துவிட்டு, நான்கு பேர் குழுவின் விடைகளைத் தனியே பிரித்து அவர்கள் மேலாளரிடம் கொடுப்பது ஏமாற்று வேலை. எழுதும் நடையிலேயே யார் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை எல்லோரும் எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போவார்கள்.

தனி மனிதரை அளப்பது

ஒரு நிரலாளர் இன்னொருவரைவிடப் பத்து மடங்கு திறமையானவர் என்ற பேச்சுக்கு மூலங்களில் ஒன்று 1968இல் சாக்மன், எரிக்சன், கிராண்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. அனுபவமுள்ள 12 நிரலாளர்களிடையே, பிழை திருத்த எடுத்த நேரம் 28 மடங்கு வரை வேறுபட்டதாக அதில் வந்தது. கணினியில் நேரடியாக வேலை செய்தவரையும், நிரலைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்தவரையும், வெவ்வேறு மொழிகளில் எழுதியவர்களையும் ஒரே தட்டில் வைத்ததால் அந்த எண் ஊதிப் பெருத்தது என்ற விமர்சனம் பின்னால் வலுவாக எழுந்தது. மனிதர்களிடையே திறன் வேறுபாடு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதை அலுவலகத்துக்குள் அளப்பதில்தான் சிக்கல். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுக்கலாம்; குழுவில் எந்த இருவரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மற்றவர்கள் எழுதியதைப் பொறுமையாக ரிவ்யூ செய்பவர், புதிதாகச் சேர்ந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர், இந்த வசதியே தேவையில்லை என்று வாதாடி மூன்று மாத வேலையை மிச்சப்படுத்துபவர் ஆகியோரின் எண்ணிக்கை எந்தத் திரையிலும் குறைவாகவே தெரியும்.

அளவு இலக்கானால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்று இன்று சொல்லப்படும் குட்ஹார்ட் விதி, பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து பிறந்தது. அது பலிப்பதற்குக் காரணம் மக்கள் கெட்டவர்கள் என்பதன்று. ஊதியம் எந்த எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதைக் கவனித்துக்கொள்வது குடும்பம் நடத்தும் எவருக்கும் இயல்பு. 2023 ஆகஸ்டில் மெக்கின்சி என்ற மேலாண்மை ஆலோசனை நிறுவனம் நிரலாளர் உற்பத்தித்திறனை, தனிநபர் அளவு உட்பட, அளக்க முடியும் என்று எழுதியபோது, மென்பொருள் துறையினரான கென்ட் பெக்கும் கெர்கெலி ஒரோஸும் எழுதிய மறுப்பு இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. உழைப்பு, வெளியீடு, அதனால் பயனரிடம் ஏற்படும் மாற்றம், அதனால் நிறுவனத்துக்கு வரும் பலன் என்று நான்கு படிகளாகப் பிரித்து, முதல் படிகளுக்கு அருகில் அளப்பது எளிது, ஆனால் அங்கே அளந்தால் நடத்தை கெடுவதும் எளிது என்று அவர்கள் காட்டினார்கள்.

கடைசிப் படியில், பலனில் மட்டும் அளந்தால் என்ன என்று கேட்கலாம். அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்று பழமொழி கேட்பதுபோல, மேற்சொன்ன எந்த அளவுக்கும் பயனரிடத்தில் மதிப்பு என்ன என்று தெரியாது என்பது உண்மைதான். ஆனால் பலனில் விற்பனையாளரின் பங்கும், வடிவமைப்பாளரின் பங்கும், போட்டி நிறுவனம் செய்த தவறின் பங்கும் கலந்திருக்கும். அதை முழுத் தயாரிப்புக்குமான கணக்காக வைத்துக்கொள்ளலாம், நிரலாளர்களின் கணக்காகத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

தேர்வு

இருபதிலிருந்து நூறு பேர் வரை உள்ள, தன் சொந்தத் தயாரிப்பை எழுதும் ஒரு நிறுவனத்துக்கு என் பரிந்துரை, டோரா அளவுகளைக் குழு வாரியாகத் தொடங்கி, காலாண்டுக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மிகாத கருத்துக்கணிப்பைச் சேர்ப்பது. நான்கையும் ஒரே நேரத்தில் அமைக்க ஆள் இல்லையென்றால், கமிட்டிலிருந்து பயனர் வரை ஆகும் நேரத்தையும் கோளாறு விழுக்காட்டையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு இதுகூட அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து, எது நம்மைத் தாமதப்படுத்தியது என்று மனம்விட்டுப் பேசினால் போதும். வெளியே ஒப்பந்தம் கொடுப்பவர் ஃபங்ஷன் பாயிண்டைப் பரிசீலிக்கலாம். ஊதிய உயர்வைப் பொறுத்தவரை, அந்த மனிதரின் வேலையை உண்மையில் படித்துப் பார்த்த மேலாளரின் தீர்ப்பும், அவரோடு வேலை செய்தவர்களின் சொல்லும் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது. இதில் மேலாளரின் விருப்பு வெறுப்பு கலக்கும் என்ற அச்சம் சரியானதே, ஆனால் எதை எண்ணுவது என்று முடிவு செய்ததும் அதே மேலாளர்தான் என்பதால் எண்ணுக்குப் பின்னாலும் அது கலந்தே இருக்கும்.

எந்த அளவைத் தொடங்கினாலும், முதல் ஆறு மாதம் இலக்கு எதுவும் வைக்க வேண்டாம். எண்கள் முதலில் குழுவினர் கண்ணில் படட்டும். அவர்கள் பார்த்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று பேசி முடித்த பிறகு மேலே போகட்டும். கருவியை வாங்கும்போது, தனிநபர் வரிசைப் பட்டியலை அணைத்துவைக்கும் வசதி அதில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் முதல் நாளே அணைத்துவிட்டு, அணைத்துவிட்டதைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.